இது யார் கை?

எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. முடிவெட்டுகிறவனுக்கும் அதே கதிதான். அதனால் எங்கள் தொழிலில் ஒருவனை எடைபோட வேண்டுமென்றால், அவன் யாரிடம் தலையைக் கொடுக்கிறான் என்று கேட்டால் போதும்.

என் அப்பா யாரிடம் கொடுக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை, கடை விடுமுறையன்று மத்தியானம், "பழைய சிநேகிதன் ஒருத்தனைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்புவார். சாயந்திரம் தலை திருத்தமாகத் திரும்புவார். வேலை நன்றாகவே இருக்கும். ஒப்புக்கொள்ள எரிச்சலாக வந்தாலும் நன்றாக இருக்கும். பிடரியை மட்டும் அந்த சிநேகிதர் பிளேடால் கோடு போட்டுச் சதுரமாக முடித்திருப்பார். ஊரில் பாதிக் கடைகளில் அப்படித்தான். எங்கள் கடையில் பிளேடு பிடரிப் பக்கமே போகாது. சீப்பும் கத்தரியும்தான். முடி எங்கே முடிந்தது, தோல் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் கரைத்துவிடுவோம். இந்த வட்டாரத்திலேயே அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் யார் என்று சொல்ல எனக்கு வெட்கமொன்றும் இல்லை.

"என் தலையை என்னைக்கு உன்கிட்ட கொடுக்கிறேனோ, அன்னைக்கு முதல் நாற்காலி உனக்கு" என்று அப்பா சொல்லியிருந்தார். முதல் நாற்காலி என்பது வாசலை ஒட்டி, தெருவைப் பார்த்து இருப்பது. வெளிச்சம் முழுக்க அதில்தான் விழும். தெரியாதவர்கள் வந்தால் அதில்தான் உட்காருவார்கள். நான் இரண்டாவது நாற்காலியில் குழந்தைகளுக்கும், அவசரக்காரர்களுக்கும், "பொண்ணா வெட்டுது?" என்று கேட்டுவிட்டு வேறு வழியில்லாமல் உட்காருகிறவர்களுக்கும் வெட்டிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதில் என் ஆசையெல்லாம் அந்த ஒரு நாற்காலிமேல்தான் இருந்தது.

பொய் சொல்லக்கூடாது. இன்னொரு ஆசையும் இருந்தது. அது தெருவின் எதிர்ப்பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்க்கடைக்காரரும் அப்பாவும் ஒரு காலத்தில் ஒரே கடையில் கூட்டாளிகள். நான் பேசக் கற்றபோது அவரை 'மாமா' என்றுதான் கூப்பிட்டேனாம். பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்று தொடங்கிய பேச்சு, கடையையே இரண்டாக்கியது. நாற்காலிகள் எங்களுக்கு, கண்ணாடிகள் அவர்களுக்கு. அவர் தன் பலகையை ஒரு சாண் உயர்த்தினால் அப்பா ஒரு முழம் உயர்த்துவார். இப்போது இரண்டு பலகையையும் படிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். 'மாமா' என்ற சொல் எங்கள் வீட்டில் செத்துப்போனது. "எதிர்த்தாப்புல" என்று கையைக் காட்டினால் அது அவர்தான்.

அவர் மகனுக்குத் தலையில் இரண்டு சுழி. அதனால் தெருவே அவனை 'இரட்டைச்சுழி' என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு அவனைக் கண்டால் ஆகாது. அவனுக்கும் என்னைக் கண்டால் அப்படித்தான். எங்களுக்குள் நேரடியாக ஒரு சண்டையும் இல்லை. வீட்டில் கொடுத்தனுப்பிய பகையைச் சிந்தாமல் சிதறாமல் தூக்கிக்கொண்டு அலைந்தோம், அவ்வளவுதான்.

இரண்டு கடைத் துண்டுகளும் ஒரே சலவைக்கடைக்குத்தான் போகும். தெருமுனையில் வரிசையாகத் துணி துவைக்கும் மெஷின்கள் வைத்து ஒரு அக்கா நடத்துகிறார். விடுமுறை நாள் காலையில் நான் ஒரு மூட்டையோடு வருவேன், அவன் ஒரு மூட்டையோடு வருவான். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மெஷினை முறைப்போம். ஒருநாள் எங்கள் புது நீலத் துண்டு ஒன்றை நான் மெஷினுக்குள் மறந்துவிட்டேன். அவன் உள்ளே பார்க்காமல் தன் வெள்ளைத் துண்டுகளைப் போட்டான். வெளியே வந்தபோது அத்தனையும் ஆகாய நீலம்.

"வேணும்னே பண்ணியா?" என்று கத்தினான்.

"உள்ள பார்த்துப் போடத் தெரியாதா? கண்ணு எங்க இருந்துச்சு, சுழியிலயா?" என்று நானும் கத்தினேன்.

அன்று முழுக்க பயந்துகொண்டிருந்தேன். அவன் போய்ச் சொன்னால் இரண்டு அப்பாக்களும் நடுத்தெருவில் சண்டைக்கு நிற்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எதிர்க்கடையில் எல்லோரும் கழுத்தில் ஆகாய நீலத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்மளைப் பார்த்துக் காப்பி அடிக்கிறான் பாரு" என்று சிரித்தார். அடுத்த வாரம் சலவைக்கடை அக்காதான் சொன்னார்: "பாவம் அந்தப் பையன், தானே நீலத் துணி ஒண்ணை வாங்கிச் சேர்த்துப் போட்டுட்டதா அவங்கப்பாகிட்ட சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டான்."

என் தப்பை இன்னொருவர் சுமப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். அதைக் கேட்கத்தான் போனேன்.

"உன்னை யாரு என்னைக் காப்பாத்தச் சொன்னது?"

"உன்னை எங்க காப்பாத்தினேன்? சண்டை வந்தா ரெண்டு கடையும் ஒருநாள் மூடும். எனக்கு வேலை கெடும்" என்றான். காது இரண்டும் சிவந்திருந்தன. வேலை கெடுமென்று பயந்தவனுக்கு எதற்குக் காது சிவக்க வேண்டும்?

அதற்குப் பிறகு மூலைகள் மெல்ல மெல்ல நெருங்கின. மெஷின் சுற்றி முடியும்வரை பேசுவோம். கத்தரியை எப்படித் தீட்டுவது, பேசிக்கொண்டே தலையை ஆட்டுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது, எந்த ஊருக்குப் போகலாம், எதுவானாலும். அவன் சிரித்தால் எனக்கு அந்த வாரம் ஓடிவிடும். எனக்கு அவன்மேல் காதல்தான். பெயர் மாற்றிச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அது வெளியே தெரிந்தால் முதல் நாற்காலி கனவிலும் கிடையாது. எதிர்க்கடை வாசலில் ஒரு நிமிஷம் அதிகம் நின்ற எங்கள் பழைய வேலைக்காரரை அப்பா அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டவர்.

வினை அவன் தலையிலிருந்து வந்தது. இரண்டு சுழியும் எதிரெதிராகச் சுற்றுகிற தலை அது. அவன் அப்பா அதை ஒட்ட வெட்டிவிடுவார். ஒரு வாரத்தில் நடுவில் சேவல் கொண்டை எழும்பும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரிக்கும்.

"உங்கப்பா உனக்கு முடி வெட்டுறாரா, இல்ல பழி வாங்குறாரா?" என்று கேட்டேன்.

"பேசுறது சுலபம். இந்தத் தலையை யாராலயும் படிய வைக்க முடியாது. நீ வெட்டிக் காட்டு."

"காட்டினா?"

"காட்டினா அப்புறம் பேசுவோம். ஆனா ஒண்ணு. கொஞ்சம் கன்னாபின்னான்னு வெட்டு. டவுன்ல எவனோ வெட்டினான்னு சொல்லிக்கலாம். அழகா வெட்டினா எங்கப்பா கண்டுபிடிச்சுடுவார்."

"முடியைக் கட்டி மலையை இழுக்கப் பார்க்கிற."

"வந்தா மலை, போனா முடிதானே?"

"போறது உன் முடி இல்லடா, என் நாற்காலி" என்றேன். சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்துவிட்டேன்.

சலவைக்கடையின் பின்னறையில் ஜன்னலோரம் ஒரு உயரமான முக்காலி இருந்தது. முடிவெட்ட அளவெடுத்துச் செய்ததுபோல் சரியான உயரம். அக்கா தலையை நீட்டி, "முடியைப் பெருக்கிட்டுப் போங்க. வர்றவங்க எல்லாம் அப்படியே விட்டுட்டுப் போயிடறாங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். முக்காலியின் அடியில் நரைமுடி கொஞ்சம் கிடந்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. என் கவனமெல்லாம் அந்தத் தலையில் இருந்தது.

கன்னாபின்னாவென்று வெட்ட வேண்டும் என்றுதான் தொடங்கினேன், சத்தியமாக. இரண்டு வெட்டு கோணலாகப் போட்டேன். மூன்றாவது வெட்டில் கை தானாகவே அந்தக் கோணலைச் சரி செய்தது. சுழிகளைச் சுற்றி முடியை நீளமாக விட்டு, அது எந்தப் பக்கம் போக விரும்புகிறதோ அந்தப் பக்கமே போகவிட்டேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து படுத்துக்கொண்டன. பிடரிக்கு வந்தேன். இங்கேயாவது கோடு போட்டுச் சதுரமாக முடித்துவிடு, தப்பிப்பாய் என்று மனசு சொன்னது. பிளேடு பக்கத்திலேயே இருந்தது. என் கை சீப்பைத்தான் எடுத்தது. நான் தொட்ட தலை ஒன்று அசிங்கமாகத் தெருவில் நடப்பதை என்னால் தாங்க முடியாது. அதுவும் அவன் தலை.

மெஷின் கதவின் கண்ணாடியில் அவன் தன்னைப் பார்த்துக்கொண்டான்.  பின்கழுத்தைத் தடவினான்.

"செத்தோம்" என்றான். பிறகு, "எங்கப்பா பிடரியும் தொட்டா இப்படித்தான் இருக்கும்" என்றான்.

"உங்கப்பாவோட என்னைச் சேர்த்துப் பேசாதே" என்று எரிந்து விழுந்தேன். என் தொழிலை மட்டம் தட்டுகிறான் என்று நினைத்துவிட்டேன்.  எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவன், அன்று என் கையை எடுத்து விரல்களில் ஒட்டியிருந்த தன் முடியை ஒவ்வொன்றாக ஊதித் தள்ளினான். எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மறுநாள் காலை கடை நிறைந்திருந்தது. அப்பா முதல் நாற்காலியில் ஒருவருக்கு முகம் முழுக்கச் சவர நுரை பூசிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருவர். கதவு படாரென்று திறந்தது. எதிர்க்கடைக்காரர் நின்றார். எனக்கு நினைவு தெரிந்து அவர் எங்கள் வாசல்படியை மிதித்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் தலையில் இருக்கும் துணித்தொப்பியைக்கூட மறந்து வந்திருந்தார். ஒரு கையில் மகனின் சட்டைக் காலர்.

அவனைத் திருப்பி நிறுத்தினார். பிடரியைக் காட்டினார்.

"இது யார் கை?"

 அப்பா குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"டவுன்ல வெட்டினேன்னு சொல்றேன்ல..." என்று அவன் இழுத்தான்.

"வாயை மூடு. டவுன்ல எவனுக்குடா இது வரும்?" என்றவர் அப்பாவைப் பார்த்துக் கத்தினார். "என் பையன் தலையில நீ எப்படிக் கை வைக்கலாம்? என்னைக் கேவலப்படுத்தவா?"

அவன் தலையை மெல்ல ஆட்டினான், பேசாதே என்று எனக்குக் கண்ணால் சொன்னான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாற்காலி என்னுடையதாகவே இருக்கும். சலவைக்கடைக் காலைகளும் இருக்கும். எல்லாப் பழியும் பழைய பகையின் கணக்கில் போய்விடும்.

அப்பா சவரக் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"ஆமா. நான்தான் வெட்டினேன். இப்ப என்ன?" என்றார்.

எனக்காகத்தான் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. கண் கலங்கவும் செய்தது. ஆனால் அதே நொடியில் கோபமும் வந்தது. அந்த இரண்டு சுழியையும் படுக்க வைத்தது நான். அந்தப் பிடரியைக் கரைத்தது நான். என் வாழ்க்கையிலேயே நான் செய்த சிறந்த வேலை கடை நடுவில் நிற்கிறது, அதை இன்னொருவர் தன்னுடையது என்கிறார். அப்பாவாகவே இருந்தாலும் அது எப்படி?

"அப்பா வெட்டல. நான் வெட்டினேன்" என்றேன்.

இரட்டைச்சுழி கண்ணை மூடிக்கொண்டான்.

எதிர்க்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பனைக் காப்பாத்தப் பொய் சொல்றியா? இது உன் அப்பன் கை. இந்தக் கையை எனக்குத் தெரியாதா? மாசா மாசம் என் பிடரியில படுற..."

அதோடு நின்றுவிட்டார்.

அவருக்குப் பின்னால் சுவரில் எங்கள் கண்ணாடி. அதில் தொப்பியில்லாத அவர் பிடரி தெரிந்தது. கோடு இல்லை. சதுரம் இல்லை. தோலோடு கரைந்த முடி. பக்கத்தில் அப்பாவின் பிடரி, சதுரமாக, பிளேடால் கோடு போட்டு. முக்காலியின் உயரமும், அதனடியில் கிடந்த நரைமுடியும், அக்காவின் முணுமுணுப்பும் ஒன்றாகச் சேர்ந்து என் மண்டையில் வந்து உட்கார்ந்தன.

நாற்காலியில் இருந்த நுரைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நீங்க ரெண்டு பேரும்... ஒருத்தருக்கொருத்தர்...?"

"பேச்சு வார்த்தை கிடையாது" என்றார் அப்பா அவசரமாக.

"வெட்டும்போது ஒரு வார்த்தை பேசினதில்ல" என்றார் எதிர்க்கடைக்காரர். "பகை வேற, தலை வேற. கண்டவன்கிட்ட தலையைக் கொடுக்க முடியுமா?"

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் எங்கள் இருவருக்கும் பகையை ஊட்டி வளர்த்துவிட்டு, இவர்கள் மட்டும் முக்காலியில் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! நன்றாக இருக்கிறது நியாயம்.

எதிர்க்கடைக்காரர் மகனின் தலையைத் தன் பக்கம் இழுத்து, விரல்களால் சுழிகளைப் பிரித்துப் பார்த்தார். இந்த முறை கோபமாக இல்லை. வேலை பார்க்கிறவர் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இந்த ரெண்டாவது சுழியை எப்படிப் படிய வச்ச?" என்று என்னைக் கேட்டார். "நான் இவன் பிறந்ததுலேருந்து பார்க்கிறேன். எனக்கு ஒருநாளும் படிஞ்சதில்ல."

"நீங்க அதை அடக்கப் பார்த்தீங்க. நான் அது போற பக்கம் விட்டேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "அது சரி. எத்தனையோ தலை இருக்கு. இந்தத் தலை எதுக்கு?"

கேள்வி கத்தரிபோல் நேராக வந்தது. நான் பதில் சொல்வதற்குள் இரட்டைச்சுழி காலரை விடுவித்துக்கொண்டு என் பக்கம் வந்து நின்றான்.  

"நான்தான் கேட்டு வெட்டிக்கிட்டேன். இனிமே இவளைத் தவிர யாருகிட்டயும் நான் தலையைக் கொடுக்கிறதா இல்ல. உங்ககிட்டயும்தான்ப்பா."

எங்கள் தொழிலில் இதற்குமேல் ஒருவன் என்ன சொல்லிவிட முடியும்? அந்த இரண்டு அப்பாக்களுக்கும் அது நன்றாகப் புரிந்தது. இருவர் முகமும் ஒரே மாதிரி மாறியது.

"எனக்கும் அவனைப் பிடிச்சிருக்குப்பா" என்றேன். "ஒளிச்சு வச்சேன். உங்களைவிட ரொம்பக் கொஞ்ச நாள்தான்."

அப்பாவுக்கு அது தைத்தது. மீசையைத் தடவினார். நுரைக்காரர் சூழ்நிலை இறுகுவதைப் பார்த்து உதவ நினைத்தார் போலிருக்கிறது. "ஆனாலும் யோசிச்சுக்கோம்மா. ரெண்டு சுழி இருந்தா ரெண்டு கல்யாணம்னு சொல்வாங்க" என்றார்.

"அதான் ஒண்ணைப் படுக்க வச்சுட்டேனே" என்றேன்.

பெஞ்சு முழுக்க வெடித்துச் சிரித்தது. எதிர்க்கடைக்காரர் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தார். தோற்றுப்போனார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிரிப்பு இருக்கட்டும். நீதான் வெட்டினேன்னு நான் எப்படி நம்புறது? என் தலையை வெட்டு. பார்க்கிறேன்" என்று இரண்டாவது நாற்காலியை நோக்கி நடந்தார்.

"நில்லுடா!" என்றார் அப்பா.

அத்தனை வருஷத்தில் அப்பா அவரை 'டா' போட்டுக் கூப்பிட்ட முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும். எதிர்க்கடைக்காரர் அப்படியே நின்றார்.

"அவ முதல்ல வெட்டப்போறது என் தலையை. உன் தலை அப்புறம்."

நுரைக்காரரைக் கையைப் பிடித்து எழுப்பி இரண்டாவது நாற்காலிக்கு மாற்றினார். முதல் நாற்காலியைத் துண்டால் தட்டினார். உட்கார்ந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ம். ஆரம்பி."

நான் அவர் கழுத்தில் துணியைக் கட்டினேன்.   அப்பாவின் தலையை அதுவரை நான் தொட்டதே இல்லை. முடி இவ்வளவு மெல்லியது என்று தெரியாது. காதுக்குப் பின்னால் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அதை மறைக்கிற மாதிரிதான் அந்த சிநேகிதர் ஒவ்வொரு மாதமும் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நானும் அதை மறைத்தே வெட்டினேன்.

பிடரிக்கு வந்ததும் அப்பா, "சதுரமா..." என்று தொடங்கினார். பழகிவிட்டது போலும்.

"நம்ம கடையில சதுரம் கிடையாது" என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இரட்டைச்சுழி கைக்கண்ணாடியை எடுத்து வந்து பின்னால் பிடித்தான். எதிர்க்கடைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். மூக்கு பிடரியில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், தழும்பு இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். 

"உன் கையைவிட நல்லா இருக்குடா" என்றார் அப்பாவிடம்.

"தெரியும்" என்றார் அப்பா.

அவர் எழுந்து, தன் சீப்பையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டுபோய் இரண்டாவது நாற்காலியின் பக்கம் வைத்தார். அங்கே நுரை காய்ந்துபோய் ஒரு மனிதர் காத்திருந்தார். நான் முதல் நாற்காலியில் ஒட்டியிருந்த முடியை உதறினேன். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"மாமா, வந்து உட்காருங்க" என்றேன்.